ரோஸிலி சொன்ன வரிசை

ரோஸிலிக்கு ஐம்பத்து மூன்று வயது. அதில் இருபத்திரண்டு வருடம் ஒரு மீன்வள ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்து, டாக்டர் பட்டம் வாங்க வந்தவர்களுக்குத் தொட்டி கழுவிக் கொடுத்தாள். ஒரு மீன் ஏன் தீனி எடுக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். அதைக் கட்டுரையாக எழுதி மேடையில் வாசித்தவர்களுக்குத் தெரியாது. மனிதர்கள் மேல் அவளுக்கு இருந்த இளக்காரம் அங்கே தொடங்கியது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, கொச்சியில் பணக்கார வீடுகளின் கடல்நீர்த் தொட்டிகளைப் பராமரிக்கிற வேலையில் இறங்கிய பிறகு அது குறைந்திருக்க வேண்டும். நன்றாகக் கொழுத்தது.

காலையில் வைப்பின் தீவிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்புவாள். காலடியில் இரண்டு வாளி, இருக்கைக்கு அடியில் உப்பு அளக்கும் கருவி. மொத்தம் பதினாறு வீடு. மீனைத் திரைச்சீலை என்று நினைக்கிறவர்கள், கார் என்று நினைக்கிறவர்கள், வீட்டில் மீன் இருப்பதையே மறந்துபோனவர்கள் என்று எல்லாரையும் தரம் பிரித்து வைத்திருந்தாள். மறந்துபோனவர்களை மட்டும் கொஞ்சம் சகித்துக்கொள்வாள். அவர்கள் குறுக்கே வர மாட்டார்கள்.

பனம்பிள்ளி நகரில் புது வீடு கட்டிய குரியச்சன் எல்லா விஷயத்திலும் குறுக்கே வந்தார். பாலாக்காரர். மஸ்கட்டில் முப்பது வருடம் ஹோட்டல்களுக்கு இறைச்சி சப்ளை செய்துவிட்டு வந்திருந்தார். கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் சுவருக்குப் பதிலாகப் பத்தடி நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி கட்டச் சொன்னார். தண்ணீர் மட்டும் இரண்டாயிரத்து ஐந்நூறு லிட்டர். அதில் பாறை அடுக்கி, மூன்று மாதம் மீனே இல்லாமல் ஓடவிட்டுத் தண்ணீரைப் பக்குவம் செய்தது ரோஸிலி. அந்த மூன்று மாதமும் வாரத்துக்கு ஒருதரம், "வெறும் கல்லையா பாத்துக்கிட்டு உக்காரச் சொல்றே?" என்று கேட்பார். ரோஸிலி தண்ணீரைச் சோதித்துக் குறித்துக்கொண்டு போய்விடுவாள்.

மீன் விடுகிற காலம் வந்ததும் அவளை உட்கார வைத்துச் செல்போனை நீட்டினார். ஏதோ வெளிநாட்டு ஹோட்டல் தொட்டி. உள்ளே தட்டு மாதிரித் தட்டையான டாங் மீன்கள்.

"எல்லாம் டாங்தான் வேணும். ஒரு டசன். இந்த வெளிர்நீலம் இருக்கே, பவுடர் ப்ளூ, அது ஜோடியா. நடுவுல இது." விரலால் ஒன்றைப் பெரிதாக்கிக் காட்டினார். உடம்பெல்லாம் நீலமும் வெள்ளையுமாக மெல்லிய கோடுகள், வாலடியில் ஆரஞ்சுப் புள்ளி. "சோஹால். நம்ம கடல்ல கிடைக்காது. அரபிக்காரன் பக்கத்து மீன். என்னை மாதிரி."

'உங்களை மாதிரியேதான்' என்று ரோஸிலி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். சோஹாலை அவளுக்குத் தெரியும். ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு, அங்கே முளைக்கிற பாசி மொத்தமும் தனக்கே என்று நிற்கும். இன்னொருவன் வாய் வைத்தால் போதும், வாலடியில் இருக்கிற கத்தியால் கிழித்துவிடும்.

"டாங் எல்லாத்துக்கும் வாலடியில கத்தி இருக்கு முதலாளி. எதை எதோட விடறோம்னு பாக்கணும். ஒரே வடிவத்துல இருக்கிற ரெண்டு ஒண்ணை ஒண்ணு விடாது. தன்னை மாதிரி இருக்கிறவன்தான் தன் சோத்துல கை வைப்பான்னு அதுக்குத் தெரியும். நீளமா ஒண்ணு, தட்டையா ஒண்ணு, சின்ன வாயா ஒண்ணுன்னு வேற வேறயா எடுத்தா சமாளிக்கலாம். பவுடர் ப்ளூ ஒண்ணு போதும்."

"ரெண்டு இருந்தா துணையா இருக்காதா?"

"கூடப்பொறந்த ரெண்டு ஆம்பளைங்களை ஒரு எஸ்டேட்டுல விட்டா துணையாவா இருக்காங்க?"

பாலாவில் ரப்பர்த் தோட்டத்துக்காகக் குரியச்சன் தன் தம்பிமேல் பதினோரு வருடமாக வழக்கு நடத்துகிறார் என்பது ஊருக்கே தெரியும். சாப்பாட்டு அறைப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அவர் மனைவி ஆனியம்மா. ரோஸிலி திரும்பிப் பார்த்தாள். மடிப்புக் கலையாத புடவை, கையில் துணிக்கடைப் பட்டியல். திரைச்சீலைக் கூட்டம் என்று அன்றைக்கே முத்திரை குத்திவிட்டாள்.

ரோஸிலி ஒரு தாளில் வரிசை எழுதினாள். முதலில் பாறையில் படிகிற பாசியைச் சீப்பு மாதிரிப் பல்லால் வாரித் தின்கிற சின்ன மீன். சாது. அதற்குப் பிறகு நீல உடம்பும் மஞ்சள் வாலுமாகக் கல்லிடுக்கில் ஒளிந்துகொள்கிற பயந்தாங்கொள்ளி. பிறகு முகம் நீண்ட நேசோ. நான்காவது தட்டையான மஞ்சள் டாங். கடைசியாக, மற்றவை இடம்பிடித்து உட்கார்ந்த பிறகு, பவுடர் ப்ளூ. ஒவ்வொன்றையும் ஒரு மாதம் தனித் தொட்டியில் வைத்து நோயில்லை என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும். சோஹால் கிடையாது.

"ரௌடியை முதல்ல விட்டா வீடு அவனுது ஆயிடும். அப்புறம் வர்றவன் எல்லாம் திருடன். அதனால சாதுவிலேர்ந்து போகணும்."

"வீட்டு வெஞ்சரிப்புக்கு ஏழு வாரம்தான் இருக்கு. வீட்டை ஆசீர்வதிக்க பிஷப் வர்றாரு. மூணு மீனையா காட்டறது?"

"மூணும் உயிரோட இருக்கும்."

குரியச்சன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பெரிதாகத் தலையாட்டினார். ரோஸிலி அன்றைக்கே போய் முதல் மூன்று மீனையும் வாங்கிவந்து, தன் வீட்டுத் தனித் தொட்டிகளில் விட்டாள்.

ஐந்து வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, தண்ணீர் சோதிக்க வந்தவள் கூடத்து வாசலிலேயே நின்றுவிட்டாள். பத்தடித் தொட்டியில் ஒரே ஒரு சோஹால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ரோந்து சுற்றிக்கொண்டிருந்தது.

"எப்படி?" என்றார் குரியச்சன். "ஃபோர்ட் கொச்சி டென்சில் கொண்டுவந்து விட்டான். வந்து நாலு நாளாச்சு. டாங் எல்லாம் ஒரே குடும்பம், தன்னால சேர்ந்துக்கும்கிறான். பெரியவன் முதல்ல வந்து இடத்தைப் பழகிக்கட்டும், மத்ததை வெஞ்சரிப்புக்கு முந்தின நாள் ஒண்ணா விடலாம்னு சொன்னான். ஆறு. பவுடர் ப்ளூ ஜோடியா. நீ அந்தத் தாள்ல தலைகீழா எழுதிட்டே ரோஸிலி."

டென்சிலை ரோஸிலிக்குப் பத்து வருடமாகத் தெரியும். செத்த மீனைக்கூட அது தூங்குகிறது என்று சொல்லி விற்றுவிடுவான். அவனைப் பற்றி அவளுக்குக் கோபமில்லை, வியாபாரி. கோபமெல்லாம் இந்த மனிதர் மேல்தான். இன்னொருதரம் சொல்லியிருக்கலாம். குறைந்தபட்சம், புது மீன்களை முதலில் ஓட்டைபோட்ட பெட்டிக்குள் வைத்து இறக்குங்கள் என்றோ, வேறு வழியே இல்லையென்றால் இப்படிச் செய்யுங்கள் என்றோ ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உப்பை அளந்தாள், வெப்பத்தைக் குறித்தாள், வாளியைக் கழுவினாள்.

"தண்ணி நல்லாருக்கு முதலாளி" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். பாலம் தாண்டும்போது, பிஷப் முன்னால் இந்த ஆளின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்து அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

வெஞ்சரிப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. பதினொரு மணிக்குப் பிஷப் வந்து அறை அறையாகப் புனித நீர் தெளித்தார். குரியச்சன் அவரைத் தொட்டிப் பக்கம் இழுத்து வந்து, மூடியைத் திறந்து, உள்ளேயும் நாலு சொட்டு விடச் சொன்னார். பாலப்பமும், தாறாவு என்று அவர்கள் சொல்கிற வாத்துக் கறியும் பரிமாறினார்கள். ரோஸிலிக்கு மேசைக் கோடியில், டிரைவர்களுக்கு முன்வரிசையில் இடம் போட்டிருந்தார்கள். அங்கிருந்து தொட்டி நன்றாகத் தெரிந்தது. அந்தக் கோடியிலும் தொட்டிக்கு நேர் எதிரே இருந்த நாற்காலியைத்தான் அவள் வேண்டுமென்றே பிடித்தாள்.

முந்தின நாள் இறக்கிய ஆறு மீனும் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன. அதுவரை அங்கே யாரும் அதைக் கவனிக்கவில்லை. பிஷப் இரண்டாவது அப்பத்தைப் பிட்டபோது பவுடர் ப்ளூ ஒன்று பசி தாங்காமல் நடுப்பாறைக்கு வந்து ஒரு கடி கடித்தது. சோஹால் பக்கவாட்டில் திரும்பி வாலை வீசியது. வெளிர்நீல வயிற்றில் வெள்ளையாக ஒரு கோடு திறந்து, சிவப்பாகக் கலங்கியது. குழந்தைகள் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டு கத்தினார்கள்.

"இது எப்பவும் இப்படித்தானா?" என்று பிஷப் கேட்டார்.

"விளையாடுது பிதாவே" என்றார் குரியச்சன். "புதுசா வந்தவங்களை வரவேற்குது."

வரவேற்பு அடுத்த மீனுக்கும் நடந்தது. அதன் செதில்கள் தண்ணீரில் மினுங்கி இறங்கின. யாரோ ஒரு பெண் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தாள். குரியச்சன் கண்ணாடியைத் தட்டினார். மஸ்கட்டில் வேலைக்காரர்களை அதட்டுகிற குரலில் மீனை அதட்டினார். ரோஸிலி தாறாவு எலும்பைச் சுவைத்துக்கொண்டு அவர் கழுத்து சிவப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ஆனியம்மா எழுந்து போனாள். வெட்கப்பட்டு உள்ளே போகிறாள் என்றுதான் ரோஸிலி நினைத்தாள். ஆனால் மாடியிலிருந்து, ஆள் பாதி உயரத்துக்கு இருந்த அலங்காரக் கண்ணாடியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். புடவை படிக்கட்டில் இழுபட்டது. நேராக வந்து, அதைத் தொட்டியின் வலக்கோடியில், வெளியிலிருந்து தொட்டியைப் பார்க்கும்படி சாய்த்து வைத்தாள்.

சோஹால் ஒரு நொடி நின்றது. கோட்டுக்குக் கோடு தன்னைப் போலவே இன்னொருவன் முறைப்பதைப் பார்த்ததும் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு அங்கே பாய்ந்தது. முட்டியது, திரும்பி வாலைக் காட்டியது, மறுபடி முட்டியது. மற்ற ஆறும் கல்லிடுக்குகளுக்குள் போய் மறைந்தன.

"ஆனி, இது என்ன கூத்து?" என்றார் குரியச்சன்.

"சும்மா இருங்க அச்சாயா. சாயங்காலம் உள்ள விளக்கைப் போட்டா, கண்ணாடியில தன் உருவத்தையே பாத்து முட்டிக்கிட்டு இருக்கும். ரெண்டு வாரமா பாக்கறேன். நீங்க ஒரு நாள் பாத்தீங்களா?"

பிறகு அவள் மேசைக் கோடிக்கு வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"சேச்சி, இந்தக் கண்ணாடி வேலை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"போன வியாழக்கிழமை, அதுக்கு முந்தின வியாழக்கிழமை, ரெண்டு தடவை வந்தீங்க."

ரோஸிலி கை கழுவ எழுந்தாள். வாயில் ஏதேதோ பதில்கள் வந்தன. என் வரிசையைக் கேட்கவில்லை, என் தாளை மதிக்கவில்லை. எல்லாம் உண்மைதான். ஆனால் அடிபட்ட அந்த நீல மீன் தாளைப் படிக்கிற ஜாதியில்லை. குழாயடியில் நின்றபோது, ஆய்வுக்கூடத்தில் ஒரு டாக்டர், மீன் தொட்டியில் குளோரின் கலந்த தண்ணீர் ஊற்றப்படுவதைப் பார்த்துக்கொண்டே, 'அது என் பிரிவு இல்லை' என்று நகர்ந்து போனது நினைவுக்கு வந்தது. அவரைப் பற்றி அவள் பதினைந்து வருடமாகக் கேவலமாகப் பேசி வந்திருக்கிறாள். இன்றைக்குத் தன்னைப் பற்றியும் அதே வார்த்தைகள்தான் கிடைத்தன.

விருந்தாளிகள் போன பிறகு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினாள். பாறைக்குள் புகுந்த டாங்கை வலையால் பிடிக்க முடியாது. பாதித் தண்ணீரைப் பீப்பாய்களில் இறக்கி, ஏணி வைத்துத் தொட்டிக்குள்ளேயே இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று கல்லைக் கல்லாக எடுத்துக் கொடுத்தாள். ஆனியம்மா வாங்கி அடுக்கினாள். சோஹால் பிடிபட்டபோது ரோஸிலியின் உள்ளங்கையை ஒரு விரல் நீளத்துக்குக் கிழித்தது. அவள் அதைத் திட்டவில்லை.

இரண்டு பவுடர் ப்ளூவும் வியாழக்கிழமைக்குள் செத்தன. மிச்சம் நாலில், உப்புத் தூவிய மாதிரி வெள்ளைப் புள்ளி கண்டு ஒன்று போனது. மூன்று, மருந்துத் தொட்டியில் பிழைத்தன. அவற்றை அவள் வேறு வீடுகளுக்குப் பிரித்து அனுப்பினாள். புள்ளி நோயின் கிருமி பட்டினியில் சாகட்டும் என்று பெரிய தொட்டியைப் பதினோரு வாரம் மீனில்லாமல் போட்டு வைத்தாள். குரியச்சன் முதலில் டென்சிலைக் குற்றம் சொன்னார், பிறகு பக்கத்து வீட்டுக்காரர் கண்ணை, கடைசியில் பிஷப்பை.

"புனித நீர்ல உப்புக் கம்மி இல்லையா? நாலு சொட்டு விழுந்ததுல எல்லாம் கெட்டிருக்கும்."

"நாலு சொட்டுல கெடறதுக்கு இது உங்க மூளை இல்ல முதலாளி" என்றாள் ரோஸிலி. அவருக்கு அது பாராட்டாகக் கேட்டதோ என்னவோ, தலையாட்டினார். சோஹாலை மட்டும் விடவில்லை. தன் அலுவலகத்தில் ஆறடித் தொட்டியில் தனியாக வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் அது பிஷப்பையே மிரட்டிய மீன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பதினோரு வாரம் முடிந்ததும் ரோஸிலி முதலிலேயே வாங்கித் தன் வீட்டுத் தொட்டிகளில் வைத்திருந்த மூன்றையும் வரிசைப்படி, பதினைந்து நாள் இடைவெளியில் இறக்கினார்கள். நான்காவதை வாங்க ஆனியம்மா தானே ஃபோர்ட் கொச்சிக்கு வந்தாள். டென்சில் பளபளவென்று ஒரு மஞ்சள் டாங்கைக் காட்டினான்.

"மேடம், இதைவிட நல்லது கொச்சியிலேயே கிடையாது."

"பாசி போடுங்க, தின்னட்டும்."

"இப்பதான் தின்னுச்சு மேடம்."

"அப்ப வயிறு ஏன் ஒட்டிக்கிடக்கு? மூச்சும் வாங்குது. அந்த மூலையில இருக்கிறதைக் காட்டுங்க."

ரோஸிலி பக்கத்தில் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூலையில் இருந்ததைத்தான் அவளும் எடுத்திருப்பாள்.

பவுடர் ப்ளூவை இறக்கும்போது ஐப்பசி மழை பிடித்திருந்தது. ஓட்டைபோட்ட பெட்டிக்குள் வைத்துத் தொட்டியிலேயே ஐந்து நாள் தொங்கவிட்டார்கள். நேசோ வந்து மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுப் போனது. மஞ்சள் மட்டும் முதல் இரண்டு நாள் பெட்டியைச் சுற்றி வந்து வாலைக் காட்டியது, பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டது. ஆறாம் நாள் மதியம் ரோஸிலி பெட்டியைத் திறந்தாள். சின்னதாக ஒரு துரத்தல், ஒரு செதில்கூட விழவில்லை. ஒரு மணி நேரத்தில் ஐந்தும் வேறு வேறு பாறையில் மேய்ந்துகொண்டிருந்தன.

குரியச்சன் சாப்பிட வந்தார். நின்று பார்த்தார்.

"அஞ்சுதானா? இடம் எவ்வளவு காலியா இருக்கு பாரு. பெருசா ஏதாவது ஒண்ணு..."

"சாப்பாடு ஆறுது அச்சாயா" என்றாள் ஆனியம்மா.

ரோஸிலி வாளியைக் கழுவிக் கவிழ்த்தாள். மழை விட்டிருந்தது. அடுத்துப் போக வேண்டிய வீட்டில் ஒரு பல் டாக்டர், சோபாவின் நிறம் மாறிவிட்டதால் மீன்களையும் மாற்ற வேண்டும் என்று காலையிலிருந்து நான்குதரம் கூப்பிட்டிருந்தார். அவரை என்ன சொல்லித் திட்டலாம் என்று யோசித்துக்கொண்டே அவள் ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.