தாதாவின் அருங்காட்சியகம்

வெள்ளை பிளாஸ்டிக் அட்டை. ஓரத்தில் காண்ட்ராக்டரின் முத்திரை, நடுவில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிய ஒரு முகம், அதற்குக் கீழே பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘தாதா’ என்று அச்சிட்டிருக்கும். தேர்வாய் கண்டிகையில் நான் வேலை செய்யும் இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையில் அந்த கேட் பாஸ் ஆறு வருடம் எல்லோருக்கும் வேடிக்கையாக இருந்தது. மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்களை வரிசையில் நிறுத்திக் காண்ட்ராக்டரின் ஆள் பெயர் எழுதியபோது, பின்னால் நின்ற சின்னப் பையன்கள் இவரை “தாதா, தாதா” என்று கூப்பிட்டிருக்கிறார்கள். வங்காளத்தில் அதற்கு அண்ணன் என்று பொருள். எழுதியவன் அதையே பெயராக எடுத்துக்கொண்டான். கேட்டில் செக்யூரிட்டி தினமும் அட்டையை வாங்கிப் பார்த்து, “எந்த ஏரியா தாதாப்பா நீ? பாத்து, என்ன அடிச்சிடாத” என்பார். ஒல்லியான அந்த மனிதரும் சேர்ந்து சிரிப்பார்.

சேர்ந்த வாரமே பெயரை மாற்றித் தரும்படி அவர், நான் வருகைக் கணக்கு எழுதும் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார். நானும் அப்போது புதிது. காண்ட்ராக்டரிடம் கேளுங்கள் என்று அனுப்பிவிட்டேன். காண்ட்ராக்டர், பேர மாத்தி இன்னா ஆவப்போவுது என்று திருப்பி அனுப்பினார். அதோடு அது நின்றுபோனது. இப்போது எங்கள் கேட்டில் முகத்தைக் காட்டினால் கதவு திறக்கிறது, அட்டையே கிடையாது. தாதாவும் இல்லை.

எங்கள் வீட்டில் எழுத்துக் கற்ற முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. நைனாவும் அம்மாவும் கும்மிடிப்பூண்டிப் பக்கம் அடுத்தவர் கழனியில் நட்டு, அறுத்து, பிறகு கம்பெனிகள் வந்ததும் லோடு ஏற்றப் போனவர்கள். திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்குப் போனால் ஒவ்வொரு பலகைக்கு முன்னும் நைனா என் முழங்கையைத் தொட்டு, “இன்னா போட்டுக்குது, பாரும்மா” என்பார். பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி நான் உரக்கப் படிப்பேன். இன்றும் ரயிலில் போனால் வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை என்று ஒரு பலகை விடாமல் படிக்கிறேன்.

தாதாவுக்கு கிரைண்டிங்கில் வேலை. வார்த்த இரும்பில் ஒட்டியிருக்கும் கருகிய மணலைத் தேய்த்து எடுக்க வேண்டும். ஷிப்டு முடிந்து வரும்போது புருவம்கூட சாம்பல் நிறத்தில் இருக்கும். இங்கே வருவதற்கு முன் தன் ஊரில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தைப் பெருக்கித் துடைத்தவர் அவர். வருகைக்குப் பஞ்ச் வைக்க என் ஜன்னலுக்கு வரும்போதெல்லாம், எங்கள் பக்கத்துத் தமிழிலேயே அதைப் பற்றிப் பேசுவார். “தீதி, கப்பல் கீது, ராஜா கீது, குதிர கீது, எல்லாம் மண்ணு. நீ படிச்ச பொண்ணு, ஒரு தபா வந்து பாரு.” தீதி என்றால் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்னை அக்கா என்றது எனக்குப் பிடித்திருந்தது.

ஆறாவது வருடம் அவருக்கு வந்த இருமல் நிற்கவில்லை. காண்ட்ராக்டர் அவரைக் கூப்பிடுவதை நிறுத்தினார். அவர் ஊருக்குப் போனார். சில மாதம் கழித்து அவரிடமிருந்து எனக்கு போன் வந்தது. நுரையீரலில் தூசி என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அரசாங்கத்தில் உதவிக்கு மனுப் போட, இந்தத் தொழிற்சாலையில் கிரைண்டிங்கில் ஆறு வருடம் வேலை செய்தார் என்று ஒரு கடிதம் வேண்டும். நான் மேனேஜரிடம் கேட்டேன். பைல்களைப் புரட்டிவிட்டு, அவருடைய நிஜப் பெயரில் யாருமே இல்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “தாதான்னு ஒரு பாஸ் இருக்கு. அது இவர்தான்னு நீ கையெழுத்துப் போடுறியாம்மா?” என்றார். நான் கையெழுத்துப் போடாமல் என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன்.

அடுத்த வருடம் ஆள் எடுக்கும் வேலையாக என்னை வங்கத்துக்கு அனுப்பினார்கள். ஒரு நாள் மீதம் இருந்தது. தாதாவின் ஊர் இருக்கும் பாங்குரா பக்கம் பஸ் பிடித்துப் போனேன். கடிதம் இல்லை என்பதை போனில் சொல்ல வாய் வரவில்லை. இஸ்திரி போட்ட சட்டையில், பாதியாகிப்போன உடம்போடு தாதா பஸ் நிறுத்தத்தில் நின்றார். என் கைப்பையை ஒருமுறை பார்த்துவிட்டு, “மொதல்ல மியூசியம்” என்றார்.

பழைய ஜமீன் வீடு அது. உள்ளே போனதும் வழக்கம்போல முதல் பலகையைப் படிக்கப் போனேன். வங்காள எழுத்து. அடுத்ததும் அதுவே. ஒரு எழுத்துகூட எனக்குப் புரியவில்லை. கலெக்டர் ஆபீசில் நைனா எப்படி நிற்பார் என்று எனக்குத் தெரியும், அப்படித்தான் நின்றேன். ஐந்தாவது வரை படித்த தாதா, ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கி, எனக்குப் படித்துச் சொன்னார். கோயில் சுவரிலிருந்து பெயர்ந்த சுடுமண் பலகைகளில் துடுப்புப் போடுகிறவர்கள் வாயைத் திறந்தபடி இருந்தார்கள். கண்ணாடி பார்க்கும் ஒரு பெண்ணுக்கு மூக்கு உடைந்திருந்தது. பழம் புடவைகளை அடுக்கித் தைத்த ஒரு போர்வையில் யானையும் பல்லக்கும் ஊர்வலம் போயின. ஒரு கண்ணாடிப் பெட்டியில் மண் குதிரையின் ஒற்றைக் கால் மட்டும் இருந்தது. அதில் கறுப்பு மையால் எண் எழுதியிருந்தார்கள்.

“காலு மட்டும்தான் கீது. ஆனா எந்தக் குளத்துல எடுத்தாங்க, யாரு எடுத்தாங்க, எல்லாம் போட்டுக்குது பாரு,” என்றார். பெருமையாகத்தான் சொன்னார். தினமும் துடைத்த பெட்டி அல்லவா. என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

மாடி ஏற அவரால் ஆகவில்லை. என்னை மட்டும் அனுப்பினார். படச் சுருள்களையும் பட்டுச் சேலைகளையும் பார்த்ததாகப் பேர் பண்ணிக்கொண்டு இறங்கினேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரின் மூச்சு விசில் போலப் படிக்கட்டுவரை கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, கடிதம் கிடைக்கவில்லை என்று சொன்னேன். மேனேஜர் கேட்ட கேள்வியை மட்டும் சொல்லவில்லை.

“பாஸ்ல பேரு தப்பு, அதானே?” என்றார். ஆமாம் என்றேன். “பேஜாரு,” என்றார். பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

வாசலில் வருகிறவர்கள் கருத்து எழுதும் பெரிய நோட்டு ஒன்று கிடந்தது. தாதா அதைத் திருப்பி என் பக்கம் வைத்தார். “நான் அங்க ஆறு வருசம் வேல செஞ்சேன்னு எழுது தீதி. உன் பாஷையிலயே எழுது. எங்கனா ஒரு எடத்துல இருக்கட்டும்.”

எழுதினேன். அவருடைய முழுப் பெயரை எழுதினேன், அப்பா பெயர், ஊர், ஆறு வருடம், கிரைண்டிங் பிரிவு எல்லாவற்றையும் எழுதினேன். கம்பெனி பெயர் வர வேண்டிய இடத்தில் பேனா நின்றது. அந்த ஊரில் தமிழ் படிக்க ஒரு ஆள் கிடையாது. அந்த நோட்டை யாரும் தேர்வாய் கண்டிகைக்கு எடுத்து வரப்போவதில்லை. தெரிந்தும், ‘ஒரு தொழிற்சாலையில்’ என்று எழுதி முடித்தேன். கீழே கையெழுத்துப் போடாமல் வெறும் தேதி போட்டேன்.

தமிழ் படிக்கத் தெரியாத அவர் குனிந்து அந்த வரிகளைப் பார்த்தார். “கம்பெனி பேரு எது?” என்று கேட்டார்.

‘தொழிற்சாலை’ என்ற சொல்லைக் காட்டினேன். அவர் அதன் மேல் விரலை வைத்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை மெல்ல நகர்த்திக்கொண்டு போனார்.