மகனிடம் சொன்ன விஷயம்

2004ஆம் ஆண்டின் பனிக்காலம். பிரெஞ்சு பேசும் நகரமொன்றின் செயின்ட்-மிஷேல் பகுதியில் குடியிருந்தோம். என் மனைவிக்கு ஐம்பத்து மூன்று வயது. மாதவிலக்கு நின்று பதினாறு மாதங்கள். எதையாவது எண்ணிக் கணக்கு வைக்காவிட்டால் எனக்கு நித்திரை வராது என்பதால் இந்தக் கணக்கும் என்னிடம் இருந்தது. திடீரென்று அவளுக்கு மறுபடியும் இரத்தம் பட்டது.

தேவாலயத்தில் பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போது எங்கள் பங்குப் பெண்கள் சிரித்தார்களாம்.

"உமக்கு இளமை திரும்புது. போகேக்கை ஒருக்கா எட்டிப் பாத்திட்டுத்தான் போகும்."

அவள் நம்பவில்லை. நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு துளி பட்டாலும் வந்து காட்டும்படி தாதி ஒருத்தி முன்பே சொல்லியிருந்தாள். என் மனதில் புற்றுநோய் என்ற ஒரே சொல்தான். அதை வாய்விட்டுச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

மருத்துவருக்குப் பிரெஞ்சு தவிர வேறொன்றும் அவ்வளவாக வராது. வீட்டில் பிரெஞ்சு பேசுகிறவன் மகன்; இருபத்திரண்டு வயது. எங்கள் ஆட்களில் தாய் மகனிடம் இதைப் பேசுவதில்லை. மகனைக் கூட்டிப்போய், "வயித்துக் குத்து" என்று மட்டும் சொல்லி, அதற்கான குளிசையோடு வீடு திரும்பிய பெண்களை எனக்குத் தெரியும்.

"நான் வாறன். இங்கிலிசிலை சொல்லுறன்" என்றேன்.

"நீங்களோ? கொஞ்சம் சுகமில்லை எண்டு சொல்லிப்போட்டு ஜன்னலைப் பாத்துக்கொண்டு நிப்பியள்."

மகன் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் எதிரே போய் இருந்தாள்.

"தம்பி, எனக்கு நிண்ட மாதவிலக்கு திரும்ப வருது. டொக்டரிட்டை நீதான் கதைக்கவேணும். ஒண்டும் விடாமல் சொல்லவேணும்."

அவன் பிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "ஓம் அம்மா" என்றான்.

மூவருமாகப் போனோம். மருத்துவர் காரணங்களை விளக்க, அவன் தமிழில் சொன்னான். வயதோடு உள்சவ்வு மெலிந்திருக்கலாம். சதை வளர்ந்திருக்கலாம். கட்டி இருக்கலாம். ஹோர்மோன் குளிசையாலும் வருமாம். ஓரிடத்தில் தடுமாறி, "அந்த... வயித்துக்குள்ளை..." என்றான்.

"கருப்பை எண்டு சொல்லு, தம்பி. நீ கிடந்த இடம்தானே."

அவன் அதைப் பிரெஞ்சில் சொல்ல, மருத்துவர் சிரித்துவிட்டார். ஐந்தாவது காரணத்தை மகன் மெதுவாகச் சொன்னான். "புற்றுநோயாயும் இருக்கலாமாம், அம்மா. ஸ்கான் செய்து, உள்சவ்விலை கொஞ்சம் எடுத்துப் பாத்தால்தான் தெரியுமாம்."

"எப்ப எடுப்பினம் எண்டு கேள்."

ஸ்கான் செய்து, உள்சவ்வில் கொஞ்சம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை நான் சாப்பிடாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவள் ஒருநாளும் வேலையை விடவில்லை. ஒரு பின்னேரம் தொலைபேசி வந்தது. மகன் கேட்டுக்கொண்டிருந்தான், அவள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"புற்றுநோய் இல்லை, அம்மா. சின்னச் சதை வளர்ச்சிதானாம். எடுத்துவிடுவினமாம்."

எடுத்தார்கள். அடுத்த மாதம் பூசைக்குப் பிறகு, சிரித்தவர்களில் ஒருத்தி அவளை ஓரமாக அழைத்தாள்.

"அக்கா, எனக்கும் ரெண்டு வருசம் நிண்டது இப்ப படுகுது. டொக்டரிட்டை ஆரைக் கொண்டு சொல்லுறது?"

"உம்மடை மகனைக் கேளும்."

"ஐயோ, அவனிட்டையோ?"

"ஏலாதெண்டால் என்ரை பொடியன் வருவான். அவன் பழகிட்டான்."