ஓநாயின் வாயில் கை

என் மகன் கப்பலில் வேலை செய்கிறான். நார்வேயில் வாங்கியதென்று ஒரு வெண்கலச் சிலையைக் கொண்டுவந்து, தன் மாடிவீட்டில் டி.வி.க்குப் பக்கத்தில் வைத்தான். ஒரு ஓநாய், அதன் காலெல்லாம் நூல் மாதிரி மெல்லிய கட்டு. எதிரே நிற்கிற ஆள் தன் வலது கையை அதன் வாய்க்குள் கொடுத்திருக்கிறான்.

அதைப் பார்த்துக்கொண்டேதான் என் பகல் போகும். மருமகள் வேலைக்குப் போகையில் கிரில் கேட்டை வெளியே பூட்டிவிடுவாள். நான் இறங்கிப் போய் விழுந்துவிடுவேனாம். என் வீடு கடற்கரைத் தெருவில் இருக்கிறது. ஓடு மாற்றும்வரை இங்கே இருக்கட்டும் என்று கூட்டிவந்தார்கள். ஓடு மாற்றி ஒரு மழைக்காலமும் போய்விட்டது. அந்த வீட்டுச் சாவி மகனிடம்.

அவன் மறுபடி கப்பலுக்குக் கிளம்புகிற அன்று காலையில் கேட்டேன்.

“ஏலே, இந்த ஆளு ஏன் கையைக் குடுக்கான்?”

“அந்த ஊரு சாமிம்மா. இந்த ஓநாய் எல்லாத்தையும் அழிச்சிரும்னு பயந்து சாமியெல்லாம் சேந்து அதைக் கட்டப் பாத்தாவ. வெளையாட்டுக்குத்தான் கட்டுதோம்னு சொன்னாவ. அது நம்பல. ஒருத்தன் என் வாயில கையை வைக்கட்டும், அவுத்து விடலன்னா கடிப்பேன்னுச்சு. இவன்தான் வச்சான். எல்லாருக்காகவும் கையைக் குடுத்த தியாகி.”

“அவுத்து விட்டாவளா?”

“இல்ல. கை போச்சு.”

“ஓநாய் கேட்டது ஞாயந்தான்.”

என் வீட்டுக்காரர் சங்கு குளிக்க இறங்கும்போது, அவரை மேலே இழுக்கிற கயிறு படகில் என் அண்ணன் கையில் இருக்கும். எங்கள் பக்கத்து வழக்கம் அது. கயிற்றை விட்டால் தன் தங்கை தாலியறுப்பாள் என்ற பயம் உள்ளவனை நம்பித்தான் கடலுக்குள் இறங்குவார்கள். மகன் வாய்ப்பேச்சை மட்டும் நம்பி வந்தவள் நான்.

அவன் குளிக்கப் போனதும், மேசையில் இருந்த பாஸ்போர்ட்டை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

கீழே கார் வந்து நின்றது. வீடெல்லாம் தேடிவிட்டு என் முன்னால் வந்தான்.

“அம்மா, குடு. பிளைட்ட விட்டா வேலையே போயிரும்.”

“தெரியும்ல. அதனாலதான் எடுத்தேன். என் வீட்டைத் தெற.”

மருமகள் வந்தாள். “மாமி, அங்கன ஒத்தையில விழுந்தா யாரு தூக்குவா?”

“இங்கன விழுந்தா பூட்டுக்கு வெளிய இருந்தா தூக்குவ?”

நான் மகனைக் கேட்டேன்.

“கையைக் கடிச்ச பெறவு அந்த ஓநாயை என்ன செஞ்சாவ?”

“கட்டுலயேதான் கெடந்துச்சு.”

அவன் வேலை போனால் எனக்கும் இதே பூட்டுத்தான், அதோடு இரண்டு பேரின் ஏச்சும் சேரும். ஆனாலும் இடுப்பிலிருந்து கையை எடுக்கவில்லை. அவன் கடிகாரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு அலமாரியைத் திறந்து சாவியை எடுத்தான்.

கார் கடற்கரைத் தெருவுக்குள் திரும்பியது. அவன் என் வீட்டுக் கதவைத் திறந்து, சாவியை என் கையில் தந்தபிறகுதான் பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். கப்பலுக்குப் போகிற பிள்ளைக்கு நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவது எங்கள் வழக்கம். கையைக் கொண்டுபோனேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு காரில் ஏறினான்.