மன்னியின் டிராக்

காலை ஆறரை மணிக்கு, புதிதாகப் போட்ட தார் இன்னும் சூடேறாத நேரத்தில், மன்னி வெறுங்காலோடு டிராக்கைச் சுற்றி நடந்த காட்சிதான் எனக்கு முதலில் ஞாபகம் வரும். ஒரு கையில் செருப்பு, இன்னொரு கையில் சின்ன பிளாஸ்டிக் டப்பா. காலில் சின்னக் கல் தட்டுப்பட்டாலும் குனிந்து எடுத்து டப்பாவில் போடுவாள். கோ-கார்ட் என்பது கதவும் கூரையும் இல்லாமல் தரையை ஒட்டி ஓடும் குட்டி வண்டி. முன்னால் போகிற வண்டியின் சக்கரத்தில் பட்டுத் தெறிக்கும் கல், பின்னால் வருகிற குழந்தையின் முகத்துக்கு நேராக வரும். "துடைப்பம் போட்டுப் பெருக்கியாச்சே மன்னி, எதுக்கு இந்த அவஸ்தை?" என்று கேட்டேன். "துடைப்பத்துக்கு வலிக்காதே" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு நடந்தாள். நான் கையில் காபியோடு நிழலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். என் லட்சணம் அப்போது அவ்வளவுதான்.

மன்னி என் அண்ணாவின் மனைவி. அண்ணா மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். மன்னி திருச்சியில் பெண்கள் பள்ளி ஒன்றில் பதினாறு வருஷம் பிசிக்ஸ் டீச்சர். ஒரு கோடை விடுமுறையில் மகளை பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போனவள், அங்கே ஒரு கோ-கார்ட் டிராக்கைப் பார்த்துவிட்டு வந்து, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, வேலையை விடப்போவதாகச் சொன்னாள். "நம்ம ஊர்ப் பசங்களுக்கு லீவு விட்டா என்ன இருக்கு? மால்ல எஸ்கலேட்டர்ல ஏறி இறங்கறதுகள். நான் டிராக் போடப்போறேன்." எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா சிரிக்கவில்லை. ரிடையரான பிறகு மணப்பாறை ரோட்டில் வாங்கிப்போட்ட மூன்று ஏக்கர் கருவேலங்காட்டை அவளிடம் கொடுத்தார். எங்கள் அப்பாவா இது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வெள்ளிக்கிழமை புதுச் செருப்புக்கூட வாங்க விடாத மனுஷர் அவர்.

நான் அப்போது வீடு கட்டும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். கட்டட வேலை தெரிந்தவன் என்பதால் டிராக் வேலையை மேற்பார்க்கும் பொறுப்பை மன்னி என்னிடம் கொடுத்தாள். கோயம்புத்தூரில் ஒரு டிசைனர் வரைபடம் போட்டுக் கொடுத்திருந்தார். அதில் நீளமான நேர்பாதை ஒன்று. அதன் ஒரு முனையில் அகலமான வளைவு, அதற்குப் பின்னால் விசாலமான புல்தரை. மறுமுனையில் கொண்டை ஊசி மாதிரி குறுகலான வளைவு, அதற்குப் பின்னால் பழைய மோட்டார் ரூம். வண்டிகள் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று அம்புக்குறியும் போட்டிருந்தார்.

தார் போட்டு முடிந்த வாரம், வண்டிகளைப் பற்றிக் கற்றுக்கொள்ள மன்னி கோயம்புத்தூர் போயிருந்தாள். அப்பா டிராக்கைப் பார்க்க வந்தார். வரைபடத்தை வாங்கிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தவர், விரலால் அம்புக்குறிகளைப் பின்தொடர்ந்து ஒரு சுற்று வந்தார். முகம் சுருங்கிவிட்டது. "என்னடா இது, அப்பிரதட்சிணமா சுத்தறது?" என்றார்.

ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் எல்லாமே கோயிலைச் சுற்றித்தான், அதுவும் வலமாகத்தான். தேர் வலமாக வரும். அப்பா அறுபது வருஷமாக உத்தர வீதியை வலமாகத்தான் சுற்றுகிறார். நாலு வீடு தள்ளி இடப்பக்கம் இருக்கும் கடைக்குப் போவதற்குக்கூட வீதி முழுவதும் வலம் சுற்றிப் போகிற மாமாக்கள் உண்டு. தன் நிலத்தில் குழந்தைகள் நாள் முழுக்க இடமாகச் சுற்றுவதை அப்பாவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. "வலமா மாத்திடு. நல்ல காரியம், அபசகுனமா ஆரம்பிக்க வேண்டாம்" என்றார். தார்க் காண்ட்ராக்டரைப் பார்த்தேன். "எந்தப் பக்கம் சுத்துனா என்னங்க, ரோடு ஒரே ரோடுதானே?" என்றார் அவர். எனக்கும் அது சரி என்றே பட்டது. அம்புக்குறிகளை மாற்றி வரையச் சொன்னேன். வளைவுகளில் அடுக்கிய டயர்களையும் அதற்கேற்றபடி இடம் மாற்றினேன்.

திரும்பி வந்த மன்னி பார்த்தவுடனே கேட்டாள். "திசை மாறியிருக்கே, டிசைனர்கிட்ட கேட்டியா?"

"அப்பாதான் வலமா மாத்தச் சொன்னார் மன்னி. டிசைனர்கிட்ட கேட்டுட்டேன், ஓகேன்னுட்டார்."

கேட்கவில்லை. ஒரு போன் பண்ணச் சோம்பல், அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்தால் எழுதச் சௌகரியமாக இருக்கும், ஆனால் இல்லை. அதற்கப்புறமும் இரண்டு தடவை, "அந்தக் குறுகல் வளைவு என்னவோ இடிக்கறது, நன்னா கேட்டியோன்னோ?" என்றாள். இரண்டு தடவையும் பூசி மெழுகினேன். எஞ்சின்கள் புதிது என்பதால் முதல் சில நாட்கள் வேகத்தைக் கட்டிப்போட்டுத்தான் ஓட்டிப் பார்த்தார்கள். அந்த வேகத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

திறப்பு விழா அன்று காலை பத்து மணி. பந்தல், வாழை மரம், கேசரி. பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து முப்பது குழந்தைகள் வந்திருந்தார்கள். முதல் ஆறு பேரை ஹெல்மெட் மாட்டி, பெல்ட் போட்டு, வண்டிகளில் உட்கார்த்தியாகிவிட்டது. அப்பா தேங்காய் உடைத்தார். அன்றைக்குத்தான் முதல்முறையாக எஞ்சினை முழு வேகத்துக்கு விட்டிருந்தார்கள். "குழந்தைகளுக்கு முன்னாடி நான் ஒரு சுத்து போயிட்டு வந்துடறேன்" என்று மன்னி முன்னால் காலியாக நின்ற இன்னொரு வண்டியில் ஏறினாள்.

அகலமான வளைவிலிருந்து வேகம் குறையாமல் அவள் நேர்பாதைக்குள் வந்ததைப் பார்த்தேன். அப்போதுதான், அந்த ஒரு நொடியில்தான், டிசைனர் ஏன் அப்படி வரைந்தார் என்று என் மரமண்டைக்கு உறைத்தது. குறுகல் வளைவிலிருந்து மெதுவாகக் கிளம்பி, நேர்பாதையில் வேகமெடுத்து, அகலமான வளைவுக்குப் போய்ச் சேர வேண்டும். பிரேக் தவறினாலும் வண்டி புல்லில் போய் நிற்கும். நான் அதைத் தலைகீழாக்கி, முழு வேகத்தில் வரும் வண்டியைச் சுவரின் மேல் ஏவிவிட்டிருந்தேன். வண்டி திரும்பவில்லை. டயர்களின் இரண்டு வரிசையைப் பிளந்துகொண்டு போய், மோட்டார் ரூம் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

மன்னி தானே பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு எழுந்தாள். உதட்டில் ரத்தம். நேராகக் குழந்தைகளிடம் நடந்தாள். ஓடவில்லை, குழந்தைகள் பயந்துவிடும் என்று நடந்தாள். ஆறு வண்டியின் முன்னாலும் மண்டிபோட்டு, ஆறு பெல்ட்டையும் தன் கையாலேயே கழற்றி, ஒவ்வொரு குழந்தையையும் தூக்கி வெளியே நிறுத்தினாள். "இன்னிக்கு இல்லடா கண்ணா" என்று ஒவ்வொன்றின் கன்னத்தையும் தட்டினாள். அதன் பிறகுதான் போனை எடுத்து டிசைனரைக் கூப்பிட்டாள். அவர் பதறுவது பக்கத்தில் நின்ற எனக்கும் அப்பாவுக்கும் கேட்டது. "திசையை மாத்தினீங்களா? என்னை யாருமே கேக்கலியே மேடம்!"

மன்னி என்னைப் பார்த்தாள். "நீ கேக்கவே இல்லையா?" என்றாள், மெதுவாக. அப்பா உடைத்த தேங்காய் மூடியைக் கையில் வைத்தபடி நின்றிருந்தார்.

மன்னி மைக்கை எடுத்தாள். "எல்லாரும் பொறுத்துக்கணும். இந்த டிராக்கைத் தப்பான திசையில ஓட விட்டுட்டேன். டிசைனர் சொன்னது வேற. மாத்தினது நான். சரிபண்ணின அப்புறம்தான் குழந்தைகளை ஏத்துவேன். யாரும் சாப்பிடாம போகக்கூடாது." குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. இருநூறு பேர் எதிரில் செய்யாத தப்பை இப்படி ஒருத்தி தலையில் தூக்கி வைத்துக்கொள்ள முடியுமா என்று எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. அப்போதே நான் மைக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும். இரண்டே எட்டுதான். நின்றுகொண்டே இருந்தேன்.

சாயங்காலம் டயர்களை எடுத்து அடுக்கும்போது, "ஏன் மன்னி?" என்று கேட்டேன். "உன்னைச் சொன்னா அப்பாவையும் சொன்ன மாதிரி. இந்த வயசுல அவரைப் பாத்து ஊர் சிரிக்கணுமா?" என்றாள். இன்னும் நாலு டயரை அடுக்கினாள். பிறகு, "உன் வார்த்தையை நம்பித்தாண்டா அந்த வளைவுக்கு அவ்வளவு வேகமா போனேன்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் அப்பாவிடம் அவளே பேசினாள். "கோயில்ல நடுவுல பெருமாள் இருக்கார், வலமா வரோம். இங்க நடுவுல என்ன இருக்கு, சொல்லுங்கோ? வெறும் புல்லும் ஒரு குழாயும்தானே?" அப்பா தலையை ஆட்டினார். அம்புக்குறிகள் பழையபடி திரும்பின. பதினைந்து நாளில் டிராக்கைத் திறந்தாள், ஆனால் யாரும் வரவில்லை. விஷயம் அதற்குள் ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சி கே.கே. நகர் வரை பரவிவிட்டது. பள்ளிக்கூடங்கள் பின்வாங்கின. மூடிவிட்டுத் திரும்ப டீச்சர் வேலைக்குப் போ என்று அண்ணா தினமும் போனில் சொன்னான். மன்னி என்ன செய்தாள் தெரியுமா? கொளுத்தும் வெயிலில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு தனியாகச் சுற்றினாள். மணப்பாறை பஸ் தூரத்தில் தெரிந்தால் வண்டியைக் கிளப்புவாள். பஸ்ஸில் இருப்பவர்கள் கண்ணில் ஓடுகிற வண்டி பட வேண்டும், அதற்காக. இரண்டு மாதம் இப்படி. அடேயப்பா, என்ன நெஞ்சழுத்தம்! பிறகு ஒரு குடும்பம் வந்தது, அதைப் பார்த்து இன்னொன்று. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நிற்க இடமில்லை.

ஆனால் அந்தப் பேச்சு மட்டும் போகவில்லை. போன மாதம் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணம். எதிர்ப் பந்தியில் யாரோ ஒருவர், நாங்கள் யாரென்று தெரிந்தோ தெரியாமலோ, "பிசிக்ஸ் டீச்சராம், வண்டி எந்தப் பக்கம் சுத்தணும்னே தெரியாம டிராக் போட்டாளாம். குழந்தைகள் தப்பினது தெய்வாதீனம்" என்று சொல்லிச் சிரித்தார். அப்பா ரசம் சாதத்தோடு எழுந்துவிட்டார். இத்தனை வயதில் அவர் பாதிப் பந்தியில் எழுந்து நான் பார்த்ததில்லை.

ஆட்டோவில் வரும்போது அப்பா, "அன்னிக்கு நீ ஏண்டா வாயைத் திறக்கல?" என்றார்.

"நீங்க ஏம்ப்பா திறக்கல?" என்றேன்.

அது நடந்து இரண்டு வருஷம், ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ஒருவரை ஒருவர் கேட்காத கேள்வி அது. வாசலில் இறங்கும்போது அப்பா, "ஞாயித்துக்கிழமை என்னை அங்க கூட்டிண்டு போ" என்றார்.

போனோம். நல்ல கூட்டம். மன்னி முடிவுக் கோட்டருகே கொடியோடு நின்றிருந்தாள். வண்டிகளின் சுற்று முடிந்ததும் கொடி காட்டி நிறுத்துவது அவள் வேலை, அதில் ஒரு தடவைகூட அவள் தவறியதில்லை. அப்பா வண்டி எண்களை அறிவிக்கிற பையனிடம் மைக்கைக் கேட்டு வாங்கினார். நான் மைக்கின் அடியைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்த டிராக்கைத் தப்பா மாத்தினது என் மாட்டுப்பொண் இல்லை. மாத்தச் சொன்னது நான்" என்றார். மைக்கை என் பக்கம் திருப்பினார்.

"மாத்தினது நான். டிசைனரைக் கேட்டேன்னு மன்னிகிட்ட பொய் சொன்னேன்" என்றேன். வந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு நாங்கள் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்றே தெரியாது. குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு எங்களை விநோதமாகப் பார்த்தார்கள்.

மன்னி திரும்பிப் பார்த்தாள். "அப்பா, என்ன இது, மைக்கை வைங்கோ, வெயில்ல நிக்காதேங்கோ" என்று சொல்ல ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தபடி அப்படியே நின்றாள். மூன்றாம் நம்பர் வண்டியில் வந்த சின்னப் பெண், சுற்று முடிந்து கோட்டைத் தாண்டும்போது கொடிக்காக மன்னியைப் பார்த்தாள். மன்னியின் கை எழவில்லை. அந்தக் குழந்தை ஓவென்று சந்தோஷத்தில் கத்திக்கொண்டு இன்னொரு சுற்று போனாள்.