கஸ்பார் வாத்தியார் சொன்ன பெயர்ச்சி

ஷைனிக்கு அன்று இருப்புக் கொள்ளவில்லை. நத்தத்திலிருந்து திண்டுக்கல்லுக்குப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை ரொனால்டுக்குத் துபாயில் வேலை. ஆளும் நன்றாகத்தான் இருந்தான், அதுதான் இன்னும் வம்பு. தையில் கல்யாணம் என்றால் மாசியில் விமானம் ஏற வேண்டும். பெங்களூரில் பாதியில் நிற்கும் ஆராய்ச்சி அம்போதான்.

எங்கோ ஒரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோள் அவளுடைய பாடம். அது நட்சத்திரத்தின் முன்னால் கடக்கும்போது வெளிச்சம் துளி குறையும். பின்னால் போய் மறையும்போது வெப்பம் துளி குறையும். அந்தக் குறைவுதான் கோளின் சூடு. கொதிக்கும் பிரியாணி அண்டா பக்கத்தில் நின்று ஒரு டம்ளர் டீயின் சூட்டை அளக்கிற வேலை. அதை அளந்து அனுப்பும் விண்வெளித் தொலைநோக்கி வெப்பத்தை, அதாவது அகச்சிவப்பு ஒளியைப் பார்ப்பது. அதன் சொந்தச் சூடு குறுக்கே வராதபடி அதைக் குளிர வைக்கும் ஹீலியம் இன்னும் இரண்டு வருஷத்தில் தீர்ந்துவிடும். அப்போது 2007. அந்த இரண்டு வருஷம்தான் அவளுக்கும் வேண்டும். வாய்விட்டுக் கேட்கத்தான் தைரியம் வரவில்லை.

"பொண்ணு என்ன படிக்குது?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா ரோசலின்.

ஷைனியின் அப்பா கஸ்பார் தமிழாசிரியர். கோள் அப்படிக் கடப்பதை இங்கிலீஷில் டிரான்சிட் என்று சொன்னால் அவருக்கு நாக்கு அழுகிவிடும்.

"கிரகப் பெயர்ச்சி பாக்குறா" என்றார் பெருமையாக.

"சேசுவே! வேதக்காரப் புள்ள சோசியமா பாக்குது?" ரோசலின் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். கஸ்பார் பதறிப்போய் விளக்க விளக்க, விஷயம் இன்னும் ஜாதகமாகவே ஆனது.

ஷைனி அடுப்படிக்குள் தப்பி ஓடினாள். சற்று நேரத்தில் தண்ணீர் குடிக்கும் சாக்கில் ரோசலினும் வந்து கதவைச் சாத்தினார்.

"பங்குச் சாமியாருக்குத் தெரிய வேணாம் தாயி. எம்மவனுக்குச் சனி எப்ப வெலகுது? கல்யாணம் எப்ப கூடும்?"

ஷைனிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு எண்ணை நூறு தடவை சரிபார்க்காமல் வெளியே சொல்லாதவள் அவள். அது வேறு, இது வேறு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"ரெண்டு வருசம் போகணும் அத்தை."

"அம்புட்டு நாளா?" ரோசலின் முகம் வாடியது. ஆனாலும் கூடத்துக்குப் போய், "புள்ள படிச்சு முடிக்கட்டும், நாங்க காத்திருக்கோம்" என்று சொல்லிவிட்டார். கஸ்பாருக்கு ஒன்றும் புரியவில்லை. ஷைனிக்குச் சந்தோஷம்தான். பொய் சொன்ன கூச்சம் மட்டும் ரொம்ப நாள் விடவில்லை.

2009 மே மாதம் ஹீலியம் தீர்ந்தது. ஆய்வேடும் முடிந்தது. ஜூனில் கல்யாணம்.

மாதா கோயில் வாசலில் போட்டோவுக்கு நிற்கும்போது ரோசலின் அவள் காதோரம் குனிந்தார்.

"நீ சொன்னது அப்பிடியே பலிச்சிருச்சு தாயி. பேரப்புள்ள எப்பன்னும் ஒரு பெயர்ச்சி பாத்துச் சொல்லு."

ஹீலியம் இல்லாமலும் தொலைநோக்கி பாதிக் கண்ணோடு வேலை செய்துகொண்டிருந்தது. அடுத்த ஆராய்ச்சிக்கு அவள் ஏற்கெனவே விண்ணப்பித்தும் விட்டாள். ரொனால்டுக்கே அது இன்னும் தெரியாது. போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். எத்தனை வருஷம் சொல்லலாம் என்று ஷைனி கணக்குப் போட ஆரம்பித்தாள்.