தம்பிராசா வெட்டிய முகத்துவாரம்

ஈச்சிலம்பற்றுப் பக்கத்தார் எங்கள் நாவலடிமுனையை ஒரு ஊரென்றே கணக்கில் எடுக்கமாட்டார்கள். மேற்கே வயல், கிழக்கே கடல், தெற்கே ஆறு. ஆற்றின் வாயைக் கடல் மணல் போட்டு அடைத்து வைத்திருக்கும். அந்த மணல்மேட்டில் நடந்துதான் அக்கரைக்குப் போகலாம். மாரியில் ஆறு பெருகி வயலை மூடினால் மேட்டை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விடவேண்டும். வெட்டினால் வயல் பிழைக்கும், வழி போய்விடும். எப்போது வெட்டுவதென்று சொல்பவர் வயல்களுக்குப் பொறுப்பான வட்டை விதானை தம்பிராசா.

நேர்மையான மனிதர். அதுதான் அவரைக் கெடுத்தது. அக்கரைக்குக் கல்யாணத்துக்குப் போன தன் ஆட்கள் திரும்பும்வரை வெட்டாமல் பொறுக்கச் சொன்ன எங்களூர் இரத்தினசிங்கத்தை, "உன்ர சனத்துக்காக ஊர் பட்டினி கிடக்கிறதோ?" என்று எல்லார் முன்னாலும் ஏசியவர்.

ஐம்பத்தேழு மார்கழியில் பேய்மழை. அவருடைய ஒரே மகள் பூரணி எட்டு மாதக் கர்ப்பிணி. சுகமில்லாத மாமியாரைப் பார்க்கப் புருசன் குணரத்தினத்தோடு அக்கரைக்குப் போயிருந்தாள்.

"நாளைக்கு வந்திடுவினம். ஒரு நாள் பொறுங்கோவன்," என்றாள் மனைவி அன்னலட்சுமி.

"மகளுக்காக வயலை வெள்ளத்தில தாட்டவன் எண்டு கதைப்பினம். ஏலாது."

கதைத்திருப்பார்கள்தான். எங்கள் ஊர் வாய் எனக்குத் தெரியாதா? நாசமாய்ப் போன வாய். அன்றே வெட்டினார்.

மறுநாள் காலை பூரணிக்கு வலி கண்டுவிட்டது. மருத்துவிச்சி இருந்தது இக்கரையில். குணரத்தினம் அவளை மாட்டு வண்டியில் ஏற்றிக் கரைவரை கொண்டுவந்துவிட்டார். நடுவில் வெள்ளம் இரைந்து ஓடியது. இறக்கிய தோணியைக் கடலுக்கே இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது. தம்பிராசா இடுப்பளவு தண்ணீரில் நின்று மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினார். பின்னேரம் வண்டி திரும்பிப் போனது. தாயும் பிள்ளையும் அந்த வண்டிக்குள்ளேயே செத்துப்போயிருந்தார்கள்.

பிறகு விதானைப் பதவியே இல்லாமற் போனாலும் ஊர் அவரைத்தான் கேட்டது. ஒவ்வொரு மாரியும் அக்கரைக்கு நடந்துபோய், வீடு வீடாக, "ஆராவது இங்கால வர இருக்கோ?" என்று விசாரித்த பிறகே வெட்டச் சொல்வார். குணரத்தினமும் கூடப் போவார். வேறு கல்யாணம் செய்யாமல் மாமனாரோடேயே இருந்துவிட்டவர் அவர்.

எழுபத்தைந்தாம் ஆண்டு மாரியில் ஒருநாள் இருவரும் அப்படித் திரும்பி வந்தார்கள். நாங்கள் மண்வெட்டிகளோடு மேட்டில் காத்திருந்தோம். குணரத்தினம் சட்டென்று நின்றார்.

"மாமா, அண்டைக்குப் பொறுத்திருந்தால் பயிர் அழிஞ்சிருக்குமோ?"

தம்பிராசா எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார்.

"இல்லைத் தம்பி. இன்னும் ரெண்டு நாள் தாங்கியிருக்கும். எனக்கு அது அண்டைக்கே தெரியும்."