முள் இல்லாத தவளை

என் வீட்டுச் சன்னல் விளிம்பில் ஒரு ரப்பர் தவளை இருக்கிறது. பச்சை முதுகு, வெளிர்மஞ்சள் வயிறு, பின்னங்கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ரப்பர்க் குஞ்சங்கள். மீனை ஏமாற்றுவதற்கென்றே செய்யப்பட்ட பொய்த் தவளை அது. குத்துக்கல்வலசையில் என்னைக் காண வருபவர்கள் அதைக் கையில் எடுத்தால் இரண்டு கேள்விகளைக் கேட்காமல் கீழே வைப்பதில்லை. முதுகை ஒட்டி மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டிய இரட்டைத் தூண்டில் முள் ஏன் வெட்டப்பட்டிருக்கிறது என்பது ஒன்று. முதுகிலும் தலையிலும் வெவ்வேறு அளவில் பதிந்திருக்கும் பல் தடங்கள் எவற்றுடையவை என்பது மற்றொன்று. முதுகில் இருப்பவை மீனின் பற்கள். தலையில் இருப்பவை மனிதப் பற்கள். அதிலும் முளைத்துச் சில வாரங்களே ஆன பற்கள். தவளைக்கு உரியவர் இப்போது ஊரில் இல்லை. அவர் என் அக்காவின் கணவர். மச்சான் என்றே நான் அழைத்து வந்திருக்கிறேன்; இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

மச்சான் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை வளைகுடாவில் கழித்தவர். வேலை நாட்களில் கிடங்கு ஒன்றில் கணக்குப் பார்ப்பார். விடுமுறை மாலைகளில் கடலோரத் தடுப்புச் சுவரில் அமர்ந்து தூண்டில் போடுவார். அங்கே அவருக்கு இருந்த ஒரே கேளிக்கை அதுதான். வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிய நாளில், வழக்கமான பெட்டிகளோடு நீளமான குழாய் ஒன்றையும் தோளில் மாட்டி வந்தார். அதனுள் தூண்டில் கம்பு இருந்தது. சுருள் சுற்றும் ரீலும், தங்கூசி என்று நாங்கள் சொல்லும் நைலான் நரம்பும், ஒரு சிறு டப்பா நிறைய ரப்பர் உயிரினங்களும் இருந்தன. அக்கா டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, இத்தனை வருடச் சம்பாத்தியம் கடைசியில் தவளையாகவும் புழுவாகவும் வந்து சேர்ந்திருக்கிறது என்று எல்லோரும் கேட்கும்படிச் சொன்னாள்.

அந்த வருடம்தான் அவர்களுடைய ஒரே மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். ஆண் குழந்தை, அறுவைச் சிகிச்சை செய்துதான் எடுத்தார்கள். விரால் மீன் குழம்பு கொடுத்தால் புண் சீக்கிரம் ஆறும் என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் சொல்வார்கள். அதைக் காதில் வாங்கிய மச்சான், அந்த விராலைத் தாமே பிடித்து வருவதாகச் சொல்லிவிட்டார். அக்கா விடவில்லை.

“சந்தையில தொட்டிக்குள்ள உயிரோட நீந்துது. கேட்டா வெட்டியே தருவான். நீங்க அணையில இருந்து கொண்டாரப் போறது சளியும் காய்ச்சலுந்தான்.”

மறுநாள் என் ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் அமர்ந்து போகையில், மச்சான் என் காதருகே சொன்னார்: “மாப்ள, இதுவரைக்கும் எம்மகளுக்கு நான் குடுத்ததெல்லாம் பெட்டியத் தொறந்து குடுத்ததுதான். ஒண்ணாவது எங்கையால கொண்டாந்து குடுக்கணும்.”

அந்தச் சொல்லின் கனம் எனக்குத் தெரியும். மகள் பிறந்தபோது அவர் அங்கே இருந்தார். முதன்முதலாக அவள் மதரசாவுக்கு ஓதப் போன அன்றும் அங்கேதான் இருந்தார். அவளுக்கு நான்கு வயதிருக்கும்போது விடுப்பில் வந்தவரைக் கண்டு, பிள்ளை அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அங்கிருந்தபடியே, “உம்மா, அந்தப் பெட்டிக்காரரு எப்பப் போவாரு?” என்று கேட்டது. வீடே சிரித்தது. எல்லோரையும் விட உரக்கச் சிரித்தவர் மச்சான்தான். அதன்பிறகு ஒவ்வொரு முறை அவர் வரும்போதும் யாராவது ஒருவர் ‘பெட்டிக்காரர் வந்தாச்சா?’ என்று கேட்பது குடும்பத்தில் ஒரு வேடிக்கையாகவே நிலைத்துவிட்டது. அவரும் ஒவ்வொரு முறையும் தவறாமல் சிரித்தார்.

நான் அப்போது குற்றாலத்தில் ஒரு தங்கும் விடுதியின் பொறுப்பாளனாக இருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவனுக்கு, விருந்தினர் விட்டுச் சென்ற பத்திரிகைகளே பிற்பாடு பள்ளிக்கூடம். சாரல் காலக் கூட்டம் ஓய்ந்து, ஐயப்ப பக்தர்களின் கூட்டம் தொடங்காத ஐப்பசி மாதம் எங்கள் தொழிலில் மூச்சுவிடும் காலம். அருவியில் வெள்ளம் புரண்டு குளிக்கத் தடை போட்டிருப்பார்கள். அறைகள் பூட்டிக் கிடக்கும். ஆகவே மச்சானுடன் மலையடிவாரத்து அணைக்குப் போக எனக்கு நேரம் இருந்தது. உண்மையைச் சொன்னால், நேரத்தைவிட ஆவல்தான் அதிகம் இருந்தது. அணை நிறையும்போது விரால்கள் எங்கே போகின்றன என்ற கேள்வி அதற்கு முன் எனக்குத் தோன்றியதேயில்லை. தோன்றியபின் அது என்னை விடவுமில்லை.

அணையின் மீன் குத்தகையை எடுத்திருந்தவர் எளிதில் அனுமதி தந்தார். கட்லாவும் ரோகுவும் அவர் விட்டு வளர்ப்பவை, அவற்றைத் தொடக்கூடாது; விரால் அவருடைய குஞ்சுகளைத் தின்பது, ஆகையால் எத்தனை பிடித்தாலும் மகிழ்ச்சியே என்றார். அவருடைய காவல்காரர் செங்கோட்டைப் பக்கத்து ஆள். பேச்சில் மலையாளம் இழையோடும். எங்கள் கம்பையும் டப்பாவையும் பார்த்து அவர் பரிதாபப்பட்டார்.

“விராலா? சித்திரையில வாங்க அண்ணாச்சி. தண்ணி வத்திக் கெடக்கும், சேத்துல கையாலயே அள்ளலாம். இப்ப அணை பெருத்துப் போச்சு. எங்கன போயித் தேடுவீய?”

மச்சான் கடலைப் படித்தவர். பெரிய மீன் ஆழத்தில்தான் கிடக்கும் என்பது கடல் அவருக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். ஆகவே மதகை ஒட்டிய ஆழமான பகுதியைத் தேர்ந்தெடுத்து, கரைமேல் நின்று வீசினார். தவளை தொலைவில் விழும், தத்தித் தத்தித் திரும்பி வரும், மறுபடியும் வீசுவார். நாட்கள் அவ்வாறே கழிந்தன. மாலையில் வெறுங்கையோடு நுழையும்போது அக்கா, மீனுக்கு மசாலா இப்போது அரைக்கவா, நாளைக்கு அரைக்கவா என்று அமைதியாகக் கேட்பாள். உள்ளறையில் மகள் சிரிப்பை அடக்கிக்கொள்வது கேட்கும். மகள் அவரிடம் மரியாதையாகவே இருந்தாள். ஆனால் அந்த மரியாதையில் விருந்தாளிக்குக் கொடுக்கும் மரியாதையின் சாயல் இருந்தது. சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்பதற்கு மேல் இருவருக்கும் பேச்சு நீளவில்லை; தொலைபேசியில் பேசிப் பழகியவர்கள் நேரிலும் தொலைபேசியிலேயே பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் வீசிக்கொண்டிருக்கையில் மச்சான் அடிக்கொருதரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏன் என்று கேட்டேன். ஓதம் ஏறும் நேரத்தைப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, சொன்ன சொல் தம் காதிலேயே விழுந்ததும் வெட்கப்பட்டுச் சிரித்தார். கடலில் தண்ணீர் நாள்தோறும் ஏறும், வற்றும். ஏறும் வேளையில் வீசுவதே அவர் பழக்கம். அணையில் ஏது ஓதம்? நானும் சிரித்தேன். ஆனால் அவர் சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டார். முந்தின நாள் நாங்கள் ஸ்கூட்டரை நிறுத்தியிருந்த இடத்தில் அன்று தண்ணீர் நின்றது.

“ஓதம் இல்லேன்னு யாரு சொன்னா மாப்ள? தண்ணி ஏறிக்கிட்டுல்லா இருக்கு. இது நாளுக்கு ரெண்டு தடவ ஏறாது. வருசத்துக்கு ஒரு தடவ ஏறுது.”

அதன்பின் அவர் ஆழத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. கடலில் தண்ணீர் ஏறும்போது மீன்கள் ஆழத்தில் இருப்பதில்லையாம். புதிதாக நனைந்த நிலத்தில் புழுவும் நண்டும் வெளிப்படும். அவற்றைத் தேடிச் சிறுமீன் கரைக்கு வரும். சிறுமீனைத் தேடிப் பெருமீன் வரும். அதே நியாயம் இங்கேயும் செல்லுமானால், நாங்கள் தேட வேண்டிய இடம் அணையின் நடுவல்ல, விளிம்பு. கோடையில் மாடுகள் மேய்ந்த புல்வெளி, உடைமரங்கள் நிற்கும் தாழ்வு, மலை ஓடை வந்து கலக்கும் மேற்குக் கோடி ஆகியவற்றை நோக்கி நடந்தோம். அங்கே புல் நின்ற நிலையிலேயே தண்ணீருக்குள் மூழ்கியிருந்தது. வளை நிரம்பி வெளியேறிய மண்புழுக்களும், தத்தளிக்கும் வெட்டுக்கிளிகளும், மெய்யான தவளைகளும் மிதந்தன. ஓடையின் செம்மண் தண்ணீர் அணையின் தெளிந்த தண்ணீரோடு சேரும் கோட்டில் பொடிமீன்கள் சிதறிச் சிதறிக் கூடின. எங்கிருந்தோ ‘குளுக்’ என்று ஓர் ஓசை கேட்டது. விரால் மேலே வந்து காற்றை விழுங்கும் ஓசை அது. இத்தனை நாளும் எங்கள் முதுகுக்குப் பின்னால் அவை மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கின்றன.

இடம் தெரிந்ததும் மீன் கிடைத்துவிடவில்லை. தவளையைப் புல்லின்மேல் எறிந்து, இழுத்து, புல் விலகிய சிறு வெளியில் அசையாமல் நிறுத்தி வைக்க வேண்டும். ஓடுகிற தவளையை விரால் பின்தொடருமே தவிர நம்பாது; நின்ற தவளையைத்தான் அடிக்கும். அடித்த நொடியில் கை பதறிக் கம்பை உயர்த்தினால் வெறும் தவளை முகத்துக்கு நேரே பறந்து வரும். மச்சானுக்குப் பலமுறை அப்படி வந்தது. மழை விட்ட காலைப் பொழுதும், மேகம் மூடிய பிற்பகலுமே அதற்குச் சரியான வேளைகள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அப்படி ஒரு காலையில், மூழ்கிய உடைமரம் ஒன்றின் அருகே தண்ணீர் சிவந்திருப்பதைக் கண்டேன். மைசூர்ப் பருப்பை வாரி இறைத்தாற்போன்ற ஒரு வட்டம். அது நகர்ந்தது, சுருங்கியது, மறுபடியும் விரிந்தது. காவல்காரர் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார்.

“அது பார்ப்பு அண்ணாச்சி. விரால் குஞ்சு. கீழ பெருசு காவலுக்குக் கெடக்கும். தவளய அந்தச் செவப்புக்குள்ள போடுங்க, உடனே பாயும்.”

மச்சான் போட்டார். தவளை இரண்டு தத்துத் தத்தியது, நின்றது. அடுத்த கணம் தண்ணீர் உடைந்தது. இம்முறை அவர் கை பதறவில்லை. கம்பு வில்லாய் வளைய, புல்லையும் சேற்றையும் இழுத்துக்கொண்டு கரையேறியது ஒரு கரிய விரால். முழங்கை நீளம், மரக்கட்டை போன்ற கனம். மச்சானின் முகத்தில் அன்றைக்கு நான் கண்ட மகிழ்ச்சியை அதற்கு முன் எந்த விமான நிலைய வாசலிலும் கண்டதில்லை. மீனை நனைந்த சாக்கில் போட்டு, தவளையைக் கையிலெடுத்து, அதன் முதுகில் பதிந்த பல் தடங்களைத் தடவிப் பார்த்தார்.

“மீனுக்கு வயிறு ஒட்டிப் போயில்லா கெடக்கு. நல்ல பசிபோல,” என்றார்.

“பசியா? குஞ்ச வச்சுக்கிட்டு அது எங்க எரை எடுக்குது? தவள குஞ்சத் திங்க வருதுன்னு கடிச்சிருக்கும்,” என்றார் காவல்காரர்.

மச்சான் தண்ணீரைத் திரும்பிப் பார்த்தார். சிவப்பு வட்டம் அதே இடத்தில்தான் இருந்தது. ஆனால் வட்டமாக இல்லை. ஓரங்கள் பிய்ந்து, இழை இழையாகப் பிரிந்து, எங்கே போவதென்று தெரியாமல் அலைந்தது. அதற்குள் புல்லிடுக்கிலிருந்து ஜிலேபிக் கெண்டைகள் பாய்ந்தன. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் சிவப்பில் ஒரு துளை விழுந்தது. மச்சான் எவ்வளவு நேரம் அதைப் பார்த்தார் என்று சொல்ல இயலாது. பிறகு சாக்கைத் தூக்கிக்கொண்டு முழங்கால் அளவு நீரில் இறங்கினார். குத்தகைக்காரர் அறிந்தால் கோபிப்பார் என்று காவல்காரர் முணுமுணுத்தார். நானும் வீட்டில் காத்திருக்கும் மகளை நினைவூட்டினேன். “அவளுக்குத்தான் மாப்ள வந்தேன்,” என்றார். சாக்கின் வாயைத் தண்ணீருக்குள் திறந்தார்.

மீன் உடனே போகவில்லை. அவர் காலடியில் சற்றுக் கிடந்து, பின் கலங்கலுக்குள் மறைந்தது. நாங்கள் காத்திருந்தோம். அது குஞ்சுகளிடம் திரும்புமா, பயந்து ஆழத்துக்கு ஓடிவிடுமா என்பதை அறியாமல் எங்களால் வீடு திரும்ப இயலவில்லை. நெடுநேரம் கழித்து உடைமரத்தடியில் ‘குளுக்’ என்றது. ஜிலேபிகள் தெறித்து விலகின. சிவப்பு சட்டென்று முழுதும் மூழ்கியது. பின்பு மெல்ல, வட்டமாக, மேலே வந்தது.

வரும் வழியில் தென்காசிச் சந்தையில் தொட்டி விரால் ஒன்றை வாங்கினோம். தாம் பிடித்ததென்று மச்சான் சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்க முடியாது. ஆனால் அவர் பையை அக்காவிடம் கொடுத்துவிட்டு, நேரே மகள் படுத்திருந்த அறை வாசலுக்குப் போனார். “இது கடையில வாங்குனதும்மா. புடிச்சத விட்டுட்டு வந்துட்டேன்,” என்றார். அக்கா வாயைத் திறப்பதற்குள் மகள், ஏன் என்று கேட்டாள். நின்றபடியே சொல்லத் தொடங்கியவர், சொல்லச் சொல்ல அவளுடைய கட்டில் ஓரத்தில் அமர்ந்துவிட்டார். ஓதம், புல், சிவப்பு, ஜிலேபி என்று அத்தனையையும் சொன்னார். அவர்கள் இருவரும் அவ்வளவு நேரம் பேசி நான் கண்டது அதுவே முதல்முறை. குழந்தை அவளருகில் உறங்கியது.

“அது திரும்பக் குஞ்சுககிட்ட போச்சா வாப்பா?” என்று கேட்டாள்.

“போச்சும்மா.”

“குஞ்சுக அத அடையாளங் கண்டுக்கிட்டுச்சா?”

மச்சான் குனிந்து கையிலிருந்த தவளையைப் பார்த்தார். “கண்டுக்கிட்டுச்சும்மா. கொஞ்ச நேரம் ஆச்சு.”

அடுப்படியில் மசாலா அரைக்கப் போன அக்கா, மிக்சியைப் போடாமல் நின்றுகொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

மறுநாள் காலை மச்சான் என்னிடம் கட்டிங் பிளேயர் இருக்கிறதா என்று கேட்டார். முள்ளை வெட்டி, வெட்டிய முனையை அரத்தால் ராவி, தம் கன்னத்தில் தேய்த்துப் பார்த்து, தொட்டில் கயிற்றில் தவளையைக் கட்டிவிட்டார். தலையில் உள்ள பல் தடங்கள் அதற்குப் பின் வந்த மாதங்களில் பதிந்தவை. பிற்பாடு மகளின் கணவருக்கு வளைகுடாவில் வேலை அமைந்து, குடும்பத்தோடு கிளம்பினார்கள். இருவரும் வேலைக்குப் போவதால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. மகள்தான் கூப்பிட்டாள். இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று சொல்லியிருந்த மச்சான், தவளையை என்னிடம் கொடுத்துவிட்டு, அக்காவோடு விமானம் ஏறினார். இம்முறை அவர் கையில் ஒரேயொரு சின்னப் பெட்டிதான் இருந்தது.

இந்த ஐப்பசியிலும் அணைக்குப் போய் வந்தேன். மேற்குக் கோடியில் சிவப்பு தெரிந்தது. முள் இல்லாத தவளையைத் தங்கூசியில் கட்டி, ஒருமுறை, ஒரேயொரு முறை, அதனருகே எறிந்தேன். தண்ணீர் உடைந்தது, பின் தங்கூசி தளர்ந்தது. இழுத்து எடுத்துப் பார்த்தபோது முதுகில் புதிதாக ஒரு வரிசைத் தடம் இருந்தது. மாலையில் மச்சான் காணொளியில் அழைத்தார். தவளையைத் திரைக்கு நேரே பிடித்துக் காட்டினேன். அவர் மடியில் இருந்த பேரன் அதை உற்றுப் பார்த்து, தலையில் இருப்பது யார் கடித்தது என்று தன் பாட்டனாரிடம் கேட்டான்.